மக்காச்சோள மூட்டையில் கட்டிய மாடு

நான்காவது மழையும் பொய்த்த பருவத்தில், எத்தியோப்பியாவின் தெற்கே போரானா நாட்டு மாடுகள் எடை குறைந்து தரையைவிட்டு மேலே போக ஆரம்பித்தன. முதலில் புழுதியில் குளம்படி விழவில்லை. பிறகு காற்று பலமாக அடித்த ஒரு வாரத்தில் எலேமாவின் பட்டி ஒன்றைத் தவிரக் காலியானது. எத்தனை போயின என்று யாரும் எண்ணவில்லை. மாட்டை எண்ணுவது அங்கே வழக்கமில்லை, அந்த வருஷம் அதுவும் நல்லதாகப் போயிற்று. சந்தைக்கு வந்த வியாபாரி தராசு முள் அசையாததைக் காட்டி, காற்றுக்கெல்லாம் விலை கொடுக்க முடியாது என்று கிளம்பிவிட்டான்.

எலேமாவுக்கு மிஞ்சியது தாலோ என்ற சாம்பல் நிறக் கறவை மாடு. கல்லைக் கட்டிப் பார்த்தார்கள், கல்லும் கூடவே எழும்பியது. வேலமரத்தில் கட்டினால் காய்ந்த வேர் முள்ளங்கியைப் போலப் பிடுங்கிக்கொண்டு வந்தது. தீனிக்கு மட்டும்தான் அது கட்டுப்பட்டது. நிவாரண லாரியில் கிடைத்த மக்காச்சோள மூட்டையை வயிற்றோடு சேர்த்துக் கட்டியதும் தாலோ சாதுவாகக் கீழே நின்றது. இனி வீட்டில் எதைத் தின்பது என்பதுதான் பிரச்சினை.

"மூட்டைய அவுத்துடு எலேமா, புள்ளைக்குக் கஞ்சி வேணாமா?" என்றான் அவள் புருஷன் கல்காலோ.

"கஞ்சியைத்தான் கக்கிடுறாளே! பால் மட்டுந்தான் அவ வயித்துல தங்குது. வேணும்னா நீ போய் மாட்டுல தொங்கு."

"என் கனத்துக்கு நான் என்னைக்கோ பறந்திருப்பேன்டி."

சிரித்தார்கள். சிரிக்கவும் அலுப்பாக இருந்தது. பகலெல்லாம் ஊர்க் கிணற்றில் வாளி தூக்குகிறவன் அவன், பட்டினியோடு இறங்க முடியாது. அதனால் எலேமா நாளுக்கொரு பிடி மூட்டையிலிருந்து எடுத்து அவனுக்கு வேகவைத்தாள். தன் பங்கு தின்றாயிற்று என்று பொய் சொன்னாள். மகள் தூமே பால் குடித்துப் பிழைத்துக்கொண்டிருந்தாள். மூட்டை ஒட்டியதும் எலேமா கயிற்றைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டாள். சில நாள் தாங்கியது. பிறகு ஒரு காலையில், பால் கறந்துகொண்டிருக்கும்போதே, மாடும் அவளுமாக மேலே போனார்கள்.

குடிசைக் கூரைக்குமேல் ஓர் ஆள் உயரத்தில் நின்றார்கள். அதற்குமேல் ஏறவில்லை. கீழே தூமே இருக்கும்போது எலேமா எப்படி ஏறுவாள்? அன்று மாலையே பால் குடுவை கயிற்றில் இறங்கியது. கல்காலோ அதை வாங்கி மகளுக்குக் கொடுத்துவிட்டு, சுவரில் சாய்ந்து வாய்விட்டு அழுதான்.

மறுநாள் தொங்கிய கயிற்றைப் பிடித்து மாட்டையும் அவளையும் கிணற்றுக்கு இழுத்துப் போனான். அங்கேதான் சச்சரவு வந்தது. தரையில் கால் படாத மாட்டுக்குத் தண்ணீர் முறை கிடையாது என்றார்கள் சிலர். அவர்கள் மாடும் தாகத்தில்தான் நின்றது, குற்றம் சொல்ல முடியாது. முறை பார்க்கும் ஜல்தேசா களைத்துப்போன மனிதர்.

"அதுக்குத் தாகம் எடுக்குதா இல்லையா? அதைச் சொல்லுங்கப்பா" என்றார். முன்னால் நின்றவர்கள் மாட்டை ஓட்டி வழிவிட்டார்கள்.

அன்றிலிருந்து தாலோவின் முறை வரும்போது, கிணற்றுக்குள் ஒருவர் தோள்மேல் ஒருவராக நின்று பாடிக்கொண்டே வாளி மாற்றும் ஆண்கள் தொட்டியோடு நிறுத்துவதில்லை. கரையில் ஏணி வைத்து இன்னொருவன் ஏறி நிற்கிறான். முதல் வாளி மாட்டுக்கு, அடுத்தது எலேமாவுக்கு. ஏணியில் நிற்பவன் கல்காலோ. வாளியோடு, அடுத்த நிவாரண லாரியில் வந்த சோளத்தில் வெந்த ஒரு பிடியும் மேலே போகிறது, அவள் தின்று முடிக்கும்வரை அவன் இறங்குவதில்லை.