காலாண்டுக்கு மூன்று உயிர்

அந்த நகராட்சி நீச்சல் குளத்தின் மேலாளருக்கு நீச்சல் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை மூடி மறைத்துவிட்டுத் திடீரென்று அவிழ்த்துவிட்டேன் என்று நாளைக்கு என் மேல் பழி வரக்கூடாது. விஷயம் அவருடைய மனைவிக்குத் தெரியும், மகளுக்குத் தெரியும். மூன்றாவது ஆளுக்குத் தெரியாது என்பது அவருடைய நினைப்பு.

பதினாறு வருடம் வாகன நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழித்துக் கொடுத்த மனிதர். பதவி உயர்வு விண்ணப்பத்தில் 'நீச்சல் தெரியுமா?' என்று ஒரு கட்டம் இருந்தது. 'இல்லை' என்று போட்டால் இன்னும் பதினாறு வருடம் புகையைக் குடிக்க வேண்டும். 'ஆம்' என்றால் ஒரு டிக். யார் வந்து பிடித்துத் தள்ளிப் பார்க்கப் போகிறார்கள்? போட்டுவிட்டார்.

"பக்கெட் தண்ணியில குளிக்கும்போதே ஒரு கையால குழாயைக் கெட்டியாப் பிடிச்சுக்கிற ஆளு நீங்க" என்றாள் மனைவி. அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். "ஆழம் தெரியாம காலை விடாதீங்க."

"நான் எங்கே காலை விடப்போறேன்? ஆபீஸ் மாடியில இருக்கு" என்றார் இவர்.

ஆபீஸ் மாடியில்தான் இருந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தால் குளம் மொத்தமும் தெரியும். கீழே காவலுக்கு மூன்று பேர். எல்லோரும் 'அக்கா' என்று கூப்பிடும் மூத்த காப்பாளர். அவருக்கு மேலாளரைவிட இரண்டு வயது குறைவு, வாய் மட்டும் இரண்டு மடங்கு. போன வருடம் கல்யாணமானதிலிருந்து 'மாப்பிள்ளை' என்றே பெயர் நிலைத்துவிட்ட இன்னொருவர். மூன்றாவது ஆள் 'விசில்'. பதினோரு வருடமாக அவர் கழுத்தில் அது தொங்குகிறது. ஈரத் தரையில் ஒருவன் ஓடினால் பீப். ஆழமான பக்கத்துக்கு ஒரு குழந்தை திரும்பிப் பார்த்தால் பீப். ஒருவன் குதிக்கலாமா என்று மனதுக்குள் நினைத்தாலே பீப்.

மேலாளருக்கு அந்தச் சத்தம் வேப்பங்காய். அவர் ஒரு நாளைக்கு நாலு தடவை கீழே இறங்கிச் சுற்றி வருவார். கரையோரம் வந்தாரோ இல்லையோ, பீப்! திடுக்கிட்டு இரண்டடி பின்னால் போய் முறைப்பார். 'நான் வர்றேன்னு மத்த ரெண்டு பேருக்கும் சிக்னல் கொடுக்கிறான்யா' என்று அவருக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வரும்.

அவர் குளத்துக்கு வந்து எட்டாவது மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஒவ்வொரு பிரிவுத் தலைவரும் தம் குழுவுக்கான காலாண்டு இலக்கை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். இலக்கு அளக்கக்கூடியதாக இருக்க வேண்டும். இவர் யோசித்து யோசித்து, 'குளத்தின் பாதுகாப்பை மேலும் மேம்படுத்துதல்' என்று எழுதி அனுப்பினார். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தது. கூடவே போனும் வந்தது. இலக்குகளைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி அம்மாள்.

"மேம்படுத்துதல்னா எத்தனை சார்? நம்பர் வேணும். போன காலாண்டுல எத்தனை பேரைக் காப்பாத்தினீங்க?"

"ஒருத்தரும் இல்லீங்க மேடம்." பெருமையாகத்தான் சொன்னார்.

"ஒருத்தரைக்கூடக் காப்பாத்தலையா?"

"ஒருத்தரும் முழுகலைங்க மேடம்."

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் நின்றது. "முழுகாததை எப்படி சார் எண்றது? காப்பாத்தினதைத்தானே எண்ண முடியும். எல்லாப் பிரிவுக்கும் இருபது சதவீத உயர்வு. போட்டு அனுப்புங்க."

அன்றைக்கு வீட்டில் மனைவி சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "பூஜ்யத்துல இருபது சதவீதம் கூட்டினாலும் பூஜ்யம்தாங்க. கையைக் கட்டிக்கிட்டு உக்காந்தே இலக்கை முடிச்சிடலாம். உங்களுக்குன்னே செஞ்ச கணக்கு இது."

மறுநாள் காலையில் பூஜ்யம் என்று போட்டு அனுப்பினார். மறுபடி போன்.

"சிஸ்டம் பூஜ்யத்தை எடுக்காது சார். குறைஞ்சது மூணு. நான் மூணுன்னே போட்டுட்டேன்."

"மேடம், மூணு பேரு முழுகணுமா?"

"அதை நான் சொல்லலை சார். மூணு பேரைக் காப்பாத்தணும். இலக்கு முடியலைன்னா ஒரு பணியிடம் போயிடும். பட்டியல்ல யார் கடைசியோ, அவர்."

பட்டியலை எடுத்துப் பார்த்தார். பதினோரு வருடத்தில் அக்கா காப்பாற்றியது ஒன்பது பேர். மாப்பிள்ளை நாலு. விசில் பூஜ்யம். இருக்காதா பின்னே? ஒருவன் வழுக்குவதற்கு முன்பே ஊதிவிடுகிற ஆளுக்கு எங்கிருந்து கிடைக்கும் முழுகுகிறவன்? வேலையை ஒழுங்காகப் பார்த்த ஒரே குற்றத்துக்கு அந்த மனிதனின் சீட்டுக் கிழியப் போகிறது. அவருக்குக் கல்லூரியில் படிக்கும் இரண்டு பெண்கள். மேலாளர் நல்லவர்தான், அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மோட்டார் அறையில் கூட்டம் போட்டார். விஷயத்தைக் கேட்டதும் மாப்பிள்ளை வாயைப் பிளந்தார். விசில் தரையைப் பார்த்தார். அக்காதான் முதலில் பேசினார்.

"மூணு பேரை யாரு தள்ளிவிடணும் சார்? ஷிஃப்ட் போட்டுக் கொடுத்துடுங்க."

"விளையாடாதீங்கம்மா. யாரையும் தள்ள வேண்டாம். தானா நடக்கிறதைத் தடுக்காம இருந்தா போதும்." தொண்டையைச் செருமிக்கொண்டு விசிலின் பக்கம் திரும்பினார். "அந்த விசிலைக் கொடுங்க. மூணு மாசம் என் மேஜை டிராயர்ல இருக்கட்டும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"சார், நாம ஆளைக் காப்பாத்துறவங்களா, ஆள் பிடிக்கிறவங்களா?" என்றார் அக்கா. கேள்வி நியாயமானதுதான். விசில் கயிற்றைக் கழற்றிக் கொடுத்தார். கழுத்தில் கயிறு கிடந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது.

பழக்கம் விடுமா? விசில் இல்லாத விசில் வாயால் கத்த ஆரம்பித்தார். "தம்பி, ஓடாதே! பாப்பா, அந்தப் பக்கம் போகாதேம்மா!" காலையிலிருந்து மாலை வரை தொண்டை கிழியக் கத்தல். கண்ணாடிக்குப் பின்னால் மேலாளர் தலையிலடித்துக்கொண்டார். 'இவன் வேலையை இவனே கெடுத்துக்கிறானேய்யா!'

முதல் மாதம் ஒரு வேட்டையும் கிடைக்கவில்லை. மாப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. தினமும் காலையில் ஒரு ரிட்டையர்டு நீதிபதி வந்து, கண்ணை மூடிக்கொண்டு மல்லாக்க முக்கால் மணி நேரம் மிதப்பார். ஒரு நாள் அவர் மூக்கு கொஞ்சம் தாழ்ந்த மாதிரி இருந்ததாம். மாப்பிள்ளை பாய்ந்துபோய்க் கழுத்தோடு வளைத்து இழுத்துக் கரையில் போட்டு நெஞ்சை அமுக்க ஆரம்பித்துவிட்டார்.

"அடேய்! நான் தூங்கிட்டிருக்கேன்டா!" என்று நீதிபதி அலறினார்.

காப்பாற்றியதற்கு ஒரு படிவம் உண்டு. பெயர் என்ன, ஆழம் எவ்வளவு, எத்தனை மணி, காப்பாற்றப்பட்டவருக்கு நீச்சல் தெரியுமா, கடைசியில் காப்பாற்றப்பட்டவரின் கையெழுத்து. மாப்பிள்ளை அதைப் பணிவாக நீட்டினார். நீதிபதி அதை நாலாகக் கிழித்துக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, புகார்ப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி இரண்டு பக்கம் எழுதினார்.

இரண்டாவது மாதம் ஒரு தையல்கார அம்மாளுக்குக் கால் பிடித்துக்கொண்டது. அக்கா குதித்தார்; ஒன்று. மூன்றாவது மாதம் பந்தயம் கட்டிக் குதித்த ஒரு கல்லூரி மாணவன் குடித்த தண்ணீரில் குளமே ஒரு அங்குலம் இறங்கியது. அதையும் அக்காதான் தூக்கினார்; இரண்டு. அதற்குப் பிறகு யாரும் முழுகுகிற வழியாக இல்லை. நாட்கள் ஓடின. காலாண்டின் கடைசி நாளும் வந்துவிட்டது.

மாலை ஐந்தரை. ஆறு மணிக்குக் குளம் மூடிவிடும். மேலாளருக்கு மாடியில் இருப்புக்கொள்ளவில்லை. படிவக் கோப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு கீழே இறங்கினார். ஆழமான பக்கத்தில் ஆறு பேர் நீந்திக்கொண்டிருந்தார்கள். படுபாவிகள், ஆறு பேரும் மீன் குஞ்சு மாதிரி நீந்தினார்கள். 'ஒருத்தனுக்காவது காலைப் பிடிச்சு இழுக்கக் கூடாதா' என்று நினைத்தார். நினைத்த மறுகணமே, 'சீ, நான் என்ன மனுஷன்' என்று வெட்கப்பட்டார். வெட்கப்பட்டுக்கொண்டே இன்னும் கொஞ்சம் எட்டிப் பார்த்தார்.

எதிர்க்கரையில் உயர நாற்காலியில் இருந்த விசில் எழுந்து நின்றார். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் ஆட்டினார். வாய் அகலமாகத் திறந்தது. மூன்று மாதம் கத்திக் கத்திக் கட்டிப்போன தொண்டையிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. வலது கை நெஞ்சுக்குப் போய்த் துழாவியது. அங்கே ஒன்றும் இல்லை. தேடின பொருள் மாடியில், மேலாளரின் மேஜை டிராயரில், பூட்டு போட்டுப் பத்திரமாக இருந்தது.

'பாவம், வேலை போகப்போற நேரத்துலயும் கையாட்டுறான்' என்று மேலாளர் உருகிப்போய்த் தானும் கையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே ஓர் அடி முன்னால் வைத்தார். தரை ஓடு ஈரம். தோல் செருப்பு. அவ்வளவுதான், கோப்பு ஒரு பக்கம் பறந்தது, மேலாளர் ஒரு பக்கம் பறந்தார்.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். அந்த இடத்தில் பன்னிரண்டு அடி. அவர் கையைத் துழாவிக் குழாயைத் தேடினார். தண்ணீருக்குள் குழாய்க்கு எங்கே போவது? மகள் முகம் தெரிந்தது. மனைவி "சொன்னேனே" என்பது கேட்டது. பிறகு காதுக்குள் தண்ணீர் மட்டும்தான்.

அடுத்து அவருக்கு நினைவிருப்பது, முகத்துக்கு நேரே விசிலின் முகம். முதுகுக்குக் கீழே சூடான ஓடு. மூக்கிலும் வாயிலும் குளோரின்.

"மூணு!" என்று மாப்பிள்ளை கைதட்டிக் குதித்தார். "சார்! எங்களுக்காக நீங்களே குதிச்சிட்டீங்களே சார்! என்னா நடிப்பு! கையைக் காலை உதறினதைப் பாத்து நானே நம்பிட்டேன்!"

நீந்திக்கொண்டிருந்த ஆறு பேரும் கைதட்டினார்கள். இருமிக்கொண்டே மேலாளர் பார்த்தார். மூச்சு வந்ததும் முதலில் வந்தது நிம்மதிதான். அட, இது நல்லாயிருக்கே! தெரிந்தே குதித்த தியாகி. மானம் தப்பித்தது.

அக்கா நனைந்த கோப்பிலிருந்து ஒரு படிவத்தை உரித்து எடுத்துக்கொண்டு வந்தார். "நடிப்புன்னா செல்லாது சார். நீந்தத் தெரிஞ்சவரு வேணும்னே குதிச்சா அதைக் காப்பாத்தினதுன்னு எழுத முடியாது. நாலாவது கட்டம் இருக்கு பாருங்க."

நாலாவது கட்டம். 'நீச்சல் தெரியுமா?' அதே கேள்வி. இந்தப் படிவமும் அதே தலைமை அலுவலகத்துக்குத்தான் போகும். அங்கே அவருடைய பழைய டிக் பத்திரமாக இருக்கிறது. 'ஆம்' என்றால் விசில் வீட்டுக்குப் போக வேண்டும். 'இல்லை' என்றால் இவர் மறுபடி சீட்டுக் கிழிக்கப் போக வேண்டியிருக்கும். பேனா முனையை 'ஆம்' பக்கம் கொண்டுபோனார், 'இல்லை' பக்கம் கொண்டுவந்தார்.

விசில் குனிந்து, காற்றான குரலில், அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "எனக்கு முதல் நாளே தெரியும் சார்."

"என்ன தெரியும்?"

"தண்ணியைப் பாத்து நீங்க நடக்கிற நடையிலேயே தெரிஞ்சிடுச்சு. நீங்க ஓரத்துக்கு வந்தா ஊதுவேன். முறைச்சுக்கிட்டே ரெண்டடி பின்னாடி போவீங்க. எனக்கு அது போதும்."

மேலாளர் பேனாவை இறக்கினார். "அது... எனக்கா ஊதினே?"

"வேற யாருக்கு சார்?"

"சொல்லியிருக்கலாமேய்யா!"

"மேலதிகாரி கிட்டப் போய் உங்களுக்கு நீச்சல் தெரியாதுன்னு எப்படி சார் சொல்றது?"

மேலாளர் அந்த மனிதனின் கழுத்தைப் பார்த்தார். கயிற்றின் தடம் இப்போது மறைந்துவிட்டிருந்தது. அவருக்கு அழுகை வந்தது. முகமெல்லாம் ஈரம், யாருக்குத் தெரியப்போகிறது என்று தாராளமாக அழுதார். பிறகு நாலாவது கட்டத்தில் 'இல்லை' என்பதற்கு நேராக, ஈரக் காகிதம் கிழியும் அளவுக்கு அழுத்தி டிக் போட்டுக் கையெழுத்திட்டார்.

அன்று இரவு மனைவி திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் துண்டால் தலையை அழுத்தித் துவட்டினாள். துவட்டிய வேகத்தில் கொஞ்சம் திட்டும் இருந்தது. விசில் ஊதிய கதையைக் கேட்டு முடித்ததும் கேட்டாள்: "ஒரு நாளைக்கு எத்தனை தடவை கீழே இறங்குவீங்க?"

"நாலு."

"மாசத்துக்கு இருபத்தாறு நாள். எட்டு மாசம்." கண்ணை மூடித் திறந்தாள். எண்ணைச் சொன்னாள்.

திங்கட்கிழமை போன் வந்தது.

"சார், இலக்கு முடிஞ்சிடுச்சு. ஆனா காப்பாத்தப்பட்டவர் பேரும் பிரிவுத் தலைவர் பேரும் ஒண்ணா இருக்கே?"

"ரெண்டும் நான்தான் மேடம்."

விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பழைய விண்ணப்பம் திரையில் திறக்கும் நேரம் அது. "மூணு மாசம் டைம் சார். இருபத்தஞ்சு மீட்டர் நீந்திக் காட்டுங்க. இல்லேன்னா பழைய இடத்துக்கே போகணும். இதையே உங்க அடுத்த இலக்காப் போட்டுடறேன். இப்போ எத்தனை மீட்டர் நீந்துவீங்க? பூஜ்யம்னு சொல்லாதீங்க, சிஸ்டம் எடுக்காது."

"ஒண்ணுன்னு போட்டுக்குங்க. விழுந்ததுல அவ்வளவு தூரமாவது போயிருப்பேன்." போனை வைக்கப் போனவர் நிறுத்தினார். "மேடம், முழுகாததை எப்படி எண்றதுன்னு கேட்டீங்களே?"

"ஆமா?"

"எண்ணியாச்சு. எண்ணூத்து முப்பத்திரண்டு. எங்க விசில்காரர் பேருக்கு நேரா எழுதிக்குங்க."

"எண்ணூத்து முப்பத்திரண்டு பேரா!"

"இல்லீங்க மேடம். எல்லாம் ஒரே ஆளு."

அன்று மாலை ஐந்து வயதுப் பிள்ளைகளின் வகுப்பில், இரண்டடி ஆழத்தில், புதிதாக ஒரு மாணவர் சேர்ந்தார். இடுப்பில் மகளுடைய மஞ்சள் மிதவை. கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு முதல் படியில் காலை வைத்தார்.

பீப்!

கழுத்தில் கயிற்றோடு நாற்காலியில் எழுந்து நின்றார் விசில். பாதிக் குரல் திரும்பியிருந்தது.

"சார்! செருப்பு!"