பத்துக்கு இரண்டு

"சார், நீங்க கொஞ்சம் வெளிய இருக்கணும்" என்று ஆய்வு உதவியாளர் பெண் சொன்னபோது, பேராசிரியர் தன் வீட்டு சோபாவில், பல ஆண்டு உழைப்பால் அவர் அளவுக்கே பள்ளம் விழுந்திருந்த இடத்தில், நாளிதழை விரித்துக்கொண்டு வசதியாக உட்கார்ந்திருந்தார்.

"நானா?"

"கணவர் பக்கத்துல இருந்தா பெண்கள் உண்மையைச் சொல்ல மாட்டாங்கன்னு விதி இருக்கு சார். ஏழாம் பக்கம்."

"அந்த விதியை எழுதினதே நான்தானேம்மா!"

"அதான் சார் சொல்றேன்."

சமையலறை வாசலில் துண்டில் கையைத் துடைத்தபடி நின்ற மனைவி சிரிக்கவில்லை. சிரிக்காமலிருக்க அவள் பட்ட பாடு மட்டும் முகத்தில் தெரிந்தது. "போயிட்டு வாங்க. கீழ வண்டி நிறுத்தற இடத்துல நிழல் இருக்கும்" என்றாள்.

ஆக, பெண்களுக்கு ஏன் ஆண்களைவிடச் சம்பளம் குறைவு என்று இருபத்திரண்டு ஆண்டுகளாக ஆராய்ந்து, அந்த ஆராய்ச்சியால் தன் சம்பளத்தைக் கணிசமாக உயர்த்திக்கொண்ட ஒரு மனிதர், இரண்டு கார்களுக்கு நடுவே முக்கால் மணி நேரம் நின்றார். காவலாளி ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, கேட்பது மரியாதையில்லை என்று போய்விட்டார்.

துறையில் அவருக்குச் சமத்துவம் என்று பெயர். "சமத்துவம் இன்னிக்குக் கோபமா இருக்கு", "சமத்துவத்துக்குச் சர்க்கரை இல்லாம ஒரு டீ" என்று அவர் காதுபடவே பேசுவார்கள். அவருக்கு அதில் உள்ளூரப் பெருமை. இப்போதைய ஆய்வு, வீட்டிலிருக்கும் பெண்கள் ஒரு நாளை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்பது. அரை மணிக்கு ஒரு வரி. என்ன செய்தீர்கள், கூட யார் இருந்தார்கள், அப்போது எவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தீர்கள், பத்துக்கு எத்தனை. அந்த மூன்றாவது கேள்வி அவருடைய மூளையில் உதித்தது. முதலில் பன்னிரண்டு வீடுகளில் வெள்ளோட்டம் பார்ப்பது என்று முடிவானதும், "நம்ம வீட்டையும் சேத்துக்குங்க. எங்க வீட்ல எல்லாம் பாதிக்குப் பாதி. ஒரு நல்ல உதாரணமும் வேணுமில்லையா" என்று கூட்டத்தில் அறிவித்தார். ஆண்டுக்கு இருமுறை மின்விசிறியைத் துடைப்பது அவருடைய பாதி.

அன்று மாலையே அவருக்கு அரிப்பெடுத்தது. முக்கால் மணி நேரம் என்னத்தைச் சொல்லியிருப்பாள்? மனைவியிடம் கேட்க முடியாது, அது எட்டாம் பக்கம். படிவங்களில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். ஆனால் கணவரின் தொழில் என்ற இடத்தில் பேராசிரியர் என்று எழுதிய வீடு பன்னிரண்டில் ஒன்றுதான். மறுநாளும் உதவியாளர் அவர் வீட்டுக்குப் போய் வந்தாள். அதற்கடுத்த நாள், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், சமத்துவம் துறையில் படிவங்கள் இருந்த அலமாரியைத் திறந்தது.

முதலில் அவர் தன்னைத்தான் தேடினார். காலை எட்டு முதல் எட்டரை: கணவர் தன் உரையைப் பேசிப் பார்ப்பதைக் கேட்டல். வகை: சம்பளமில்லாப் பராமரிப்பு வேலை. மகிழ்ச்சி: இரண்டு.

இரண்டா! துணி மடித்தலுக்கு ஆறு கொடுத்திருந்தாள். பாத்திரம் கழுவலுக்குக்கூட மூன்று. கரி பிடித்த வாணலிக்கும் தனக்கும் நடந்த போட்டியில் தான் தோற்றதை அவர் இரண்டு முறை சரிபார்த்தார். பிறகு கீழே போனார். பத்தரை முதல் பன்னிரண்டு வரை மூன்று வரிகளிலும் ஒரே வாசகம் இருந்தது. சொந்த வேலை. கூட இருந்தவர்: நண்பர். மகிழ்ச்சி: பத்து. இரண்டாம் நாள் படிவத்திலும் அதே நேரம், அதே நண்பர், அதே பத்து.

மத்தியானம் உதவியாளரைக் கூப்பிட்டார். "பொதுவா கேக்கறேன். ஒருத்தங்க நண்பர்னு சொன்னா, ஆணா பெண்ணான்னு கேக்க மாட்டீங்களா?"

"படிவத்துல அந்தக் கேள்வி இல்லையே சார்."

"பொதுவா, அது ஒரு குறை இல்லையா?"

"நானும் முதல்ல கேட்டேன் சார். தேவையில்லாத ஆர்வம்னு நீங்கதான் அடிச்சிட்டீங்க."

அன்றிரவு சாப்பிடும்போது மனைவியைக் கவனித்தார். கல்லூரியில் இருவரும் ஒரே வகுப்பு. பொருளாதாரத்தில் முதலாவதாக வந்தவள் அவள். இரண்டாவதாக வந்தவனை ரெண்டாவது என்றே கூப்பிடுவார்கள். மூன்றாவதாக வந்தவர் இதோ எதிரில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டுக்கொண்டிருக்கிறார். திருமணமானபோது இருவருமே ஆய்வு மாணவர்கள். மகள் பிறந்த ஆண்டு, யாராவது ஒருவர் ஓராண்டு விடுப்பு எடுக்கலாம் என்று பேசி, பேச்சு முடிவதற்குள் அவள் எடுத்திருந்தாள். மகள் இப்போது விடுதியில் தங்கிப் படிக்கிறாள். விடுப்பு இன்னும் முடியவில்லை. இவ்வளவு காலமாக அவள் முகத்தில் பத்து என்ற எண்ணை எப்போதாவது பார்த்திருக்கிறோமா என்று அவர் யோசித்தார். பார்த்த மாதிரி இருந்தது, நூலகப் படிக்கட்டில். ஆனால் அப்போதும் பக்கத்தில் ரெண்டாவது நின்றுகொண்டிருந்தான்.

"என்ன, கண்ணு கொட்டாம பாக்கறீங்க? உப்பு கம்மியா?" என்றாள்.

"இல்லையே. சரியா இருக்கு."

மறுநாள் பதினொன்றுக்கு இருந்த வகுப்பை ரத்து செய்துவிட்டு வீட்டுக்கு வந்தார். சொந்த வீட்டின் பூட்டில் சாவியைச் சத்தமில்லாமல் திருப்புவது எவ்வளவு கஷ்டம் என்பது அன்றுதான் தெரிந்தது. காலணிகளைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். சாப்பாட்டு மேசைப் பக்கமிருந்து அவள் குரல் வந்தது.

"போடா, அப்படி இல்ல. குழந்தை பிறந்த வருஷத்தை மட்டும் பாத்தா சும்மா ஒரு சறுக்கல் மாதிரிதான் தெரியும். பத்து வருஷம் தள்ளிப் பாரு. ஏறவே இல்ல."

ஓர் ஆண் குரல் கொஞ்சம் யோசித்தது. "அய்யோ, ஆமா. நான் கவனிக்கவே இல்ல. நீ சொன்னதுதான் சரி, என்னுது தப்பு."

அவள் சிரித்தாள்.

டா! தாலி கட்டிய மறுநாளே தனக்கு 'நீங்க' என்று பதவி உயர்வு கிடைத்ததை அவர் கொண்டாடியிருக்கிறார். அதோடு எது கைவிட்டுப் போனது என்பது காலுறையோடு நடைவழியில் நின்றபோதுதான் உறைத்தது. உள்ளே நடந்தார். மேசையில் மடிக்கணினி, சுற்றிலும் தாள்கள், அவள் காதில் ஒரு பென்சில். திரையின் மூலையில் தலை நரைத்த ரெண்டாவது.

"அட, மூணாவது!" என்றது திரை.

"எவ்ளோ நாளா நடக்குது இது?" என்றார். இந்த வாக்கியத்தை வேறு தொனியில் சொல்ல யாராலும் முடியாது.

"ஒன்றரை வருஷமா. கைல எதுக்கு ஷூ?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?"

"சொன்னேனே. இவன் ஆராய்ச்சிக்கு நான் கணக்குப் போட்டுக் குடுக்கறேன், சம்பளம் தர்றான்னு. 'நல்லது, பொழுது போகும்'னீங்க. அப்புறம் நீலச் சட்டைக்குப் பட்டன் தைச்சாச்சான்னு கேட்டீங்க."

யோசித்துப் பார்த்தார். நீலச் சட்டை நன்றாக ஞாபகம் வந்தது.

திரையைக் குனிந்து பார்த்தார். இரண்டு கோடுகள். குழந்தை பிறந்த பிறகு அப்பாக்களின் சம்பளம் ஒன்று, அம்மாக்களின் சம்பளம் ஒன்று. ஒன்று எதுவும் நடக்காதது போல மேலே போனது. மற்றது ஓரிடத்தில் மடிந்து விழுந்து, பிறகு தரையோடு தரையாக நகர்ந்தது. நல்ல வேலை. தன் புத்தகத்தின் நாலாம் அத்தியாயத்தைக் குப்பையில் போடச் சொல்லும் அளவுக்கு நல்ல வேலை. வழியெல்லாம் அவர் நினைத்துக்கொண்டு வந்தது நடந்திருந்தால், கத்தியிருக்கலாம், அழுதிருக்கலாம், கடைசியில் பெரிய மனது பண்ணி மன்னித்திருக்கலாம். இதற்கு என்ன செய்வது?

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இதுல அடிப்படையா ஒரு சிக்கல் இருக்கு" என்று ஆரம்பித்தார். மாதிரி எடுத்த முறையைச் சொன்னார். அயல்நாட்டில் தான் ஆற்றிய உரையைச் சொன்னார். திரையில் ரெண்டாவது அசையாமல் இருந்தான். இணைப்பு நின்றுபோயிருக்கலாம், மரியாதையாகவும் இருக்கலாம். அவள் கன்னத்தில் கைவைத்து, தலையை லேசாகச் சாய்த்து, சரியான இடங்களில் "ம்" கொட்டினாள். காலை எட்டு மணியின் முகம் அது. இத்தனை வருடங்களாக அந்த முகத்தை மெய்மறந்து கேட்கும் முகம் என்றே நம்பியிருந்தார். இப்போது அதற்கு எத்தனை மதிப்பெண் என்று அவருக்குத் தெரியும். ஒரு வாக்கியத்தின் பாதியில் நின்றுபோனார்.

"முடிஞ்சுதா?" என்று மென்மையாகத்தான் கேட்டாள்.

"ம்."

"இன்னும் ஒரு அட்டவணை பாக்கி இருக்கு. முடிச்சிட்டு வந்துடறேன்."

மடிக்கணினியைத் திறந்தபடியே இரு கைகளிலும் ஏந்திக்கொண்டாள். தாள்களை முழங்கையால் இடுக்கிக்கொண்டு, மின்கம்பி பின்னால் தரையில் இழுபட, படுக்கையறைக்குப் போனாள். கதவைக் காலால் தள்ளிச் சாத்தினாள். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்கவில்லை. "எங்கடா விட்டோம்?" என்ற குரல் கேட்டது.

அவர் எழுந்திருக்கவில்லை. மேசையில் மடிக்கணினி இருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தார். மரம் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. கையை எடுக்காமல், அந்தச் சூடு எதுவரை பரவியிருக்கிறது என்று விரல்களை மெல்ல நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.