மார்பு என்று மட்டும் சொன்னார்கள்

1

இந்தக் கதை ஒரு சொல்லின் குழப்பத்தில் பிறந்தது. அரபியில் நெஞ்சுக்கும் முலைக்கும் 'ஸத்ர்' என்று ஒரே சொல். தமிழிலும் 'மார்பு' என்று போட்டுத் தப்பித்துவிடலாம். இங்கே, எகிப்தின் பஞ்சாலை நகரமான மஹல்லாவில் ஒரு குடும்பம் அப்படித்தான் தப்பித்துக்கொண்டிருந்தது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "வளரும் நாடுகளில் இந்நோய் இளவயதுப் பெண்களையும் விடுவதில்லை, பலர் முற்றிய பிறகே மருத்துவரிடம்..."

வேண்டாம். இது கருத்தரங்கில் வாசிக்க. இஹ்ஸானிடம் போகிறேன்.

2

இஹ்ஸானுக்கு முப்பத்தெட்டு வயது. வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைப்பவள். இடது மார்பில் கட்டி தட்டுப்பட்டும் பல மாதம் சும்மா இருந்தாள். வலியில்லை; அதோடு, நாலு பிள்ளைக்குப் பால் கொடுத்த உடம்பு.*

டாக்டரம்மா கேட்டாள்: "குடும்பத்துல யாருக்காவது மார்புல இந்த நோய் இருந்துச்சா?"

"அம்மாவுக்கு மார்பு நோய்தான் டாக்டர். ஆனா அது பஞ்சுத் தூசி. மில்லுல வேலை பார்த்தவங்க. இருமி இருமியே போயிட்டாங்க."

"அப்போ பயப்படாதீங்க. இந்த வயசுல சாதாரணக் கட்டியாத்தான் இருக்கும். மூணு மாசம் பார்ப்போம்."

(டாக்டரைத் திட்டி ஒரு வரி எழுதி, அடித்துவிட்டேன். வெளியே நாற்காலி போதாமல் பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.)

மூன்று மாதத்தில் கட்டி அக்குளுக்கு ஏறிவிட்டது.

* பால் கொடுத்தால் ஆபத்து குறையும். குறையும், அவ்வளவுதான்.

3

அக்கா ரவ்ஹியா முலுக்கியாக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இஹ்ஸான் பரிசோதனை முடிவைச் சொல்லிவிட்டுக் கேட்டாள்:

"அம்மாவுக்குத் தூசிதானே அக்கா?"

"தூசியாம் தூசி! அம்மா மில்லை விட்டு நின்னப்போ நீ பொறக்கவே இல்லடி." ரவ்ஹியாவின் கை நின்றது. "செத்தவளைக் குளிப்பாட்டினது நான். இடது பக்கம்..."

(இந்த வாக்கியத்தை நான் முடித்துப் பார்த்தேன். எப்படி முடித்தாலும் பொய்யாக இருந்தது. அவள் நிறுத்திய இடத்திலேயே விடுகிறேன்.)

"ஏன்க்கா என்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா உன்னை எவன் கட்டியிருப்பான்? 'அந்தக் கெட்டது' இருக்கற வீடுன்னு தெருவே ஒதுக்கியிருக்கும். உன் கல்யாணத்துக்காகத்தான் வாயைக் கட்டிக்கிட்டேன்."

"கல்யாணம் ரொம்ப நல்லா நடந்துச்சு போ!" என்று சிரித்த இஹ்ஸான், சிரித்தபடியே அழுதாள்.

ரவ்ஹியாவும் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "வெள்ளிக்கிழமை உன் மக நிஸ்மாவைப் பொண்ணு பார்க்க வர்றாங்க. யாராவது கேட்டா, தையல் வேலை, துணித் தூசின்னு சொல்லிடலாம்."

"நீ டாக்டர்கிட்ட காட்டிப் பார்த்துக்கிட்டியாக்கா?"

ரவ்ஹியா கீரையை வாரிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

4

முடிவு ஒன்று: இஹ்ஸான் மகளிடம் உண்மையைச் சொல்கிறாள். விஷயம் கசிகிறது; சம்பந்தம் முறிகிறது. நிஸ்மா தாயை மன்னிக்க...

முடிவு இரண்டு: சொல்லவில்லை. குலவையும் மேளமுமாகத் திருமணம். பல வருடம் கழித்து நிஸ்மா ஒரு டாக்டர் முன் உட்கார்ந்து, "எங்கம்மாவுக்குத் துணித் தூசி" என்கிறாள்.

இரண்டாவதை எழுதும்போது பேனா எங்கும் தடுக்கவில்லை.

5

வெள்ளிக்கிழமை. வருபவர்களுக்காக ரோஜா சர்பத் கலக்கிக்கொண்டிருந்த நிஸ்மா திரும்பினாள்.

"அம்மா, உனக்கு என்னதான்மா? பெரியம்மா தூசிங்கறாங்க. பாட்டிக்கும் தூசிதானாம். நம்ம வீட்டுல மட்டும் அப்படி என்னம்மா தூசி?"

இஹ்ஸான் வாயைத் திறந்தாள்.

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். மேலே தேடிப் பாருங்கள்: இவ்வளவு நேரமாக நானும் அந்த நோயின் பெயரை எழுதவில்லை. 'இந்நோய்' என்றேன், 'கட்டி' என்றேன். ரவ்ஹியாவைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

"நிஸ்மா, எனக்கும் உன் பாட்டிக்கும் வந்தது _________."

நீங்களே நிரப்புங்கள். மனதுக்குள் அல்ல, வாய்விட்டு. உங்கள் வீட்டுப் பெண்களின் காதிலும் விழட்டும். வாசல் மணி அடிப்பதற்குள் சொல்லிவிடுங்கள். நிஸ்மா கரண்டியைப் பிடித்தபடி நிற்கிறாள்.