தக்காளிக்காட்டுக் கச்சேரி

தொண்டாமுத்தூரில் லட்சுமணசாமியின் தக்காளிக்காடு தை மாதம் தொடங்கி ஆடி வரைக்கும் தினமும் பாட்டுப் பாடியது. ஒரு யூனிட் மின்சாரம் செலவாகவில்லை, ஒரு ஸ்பீக்கர் கட்டவில்லை. அந்தத் தையில் தக்காளி கிலோ பதினெட்டு ரூபாய். இரண்டுமே உண்மை, கேட்பவர்கள் விலையைத்தான் நம்ப மறுக்கிறார்கள்.

பாடியவை கோவிந்தராஜுலு ஏற்றிய சிடிகள். கணபதியில் ஒரு பம்புசெட் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அவரிடம் இருந்த கேசட்டுகளையும் இசைத்தட்டுகளையும் அடுக்கினால் மருதமலைக்கு இன்னொரு படிக்கட்டு கட்டிவிடலாம். ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டு, இரைச்சல் நீக்கி, எண்பது நிமிடத்துக்கு அளந்து சிடியில் ஏற்றுவார். எந்தப் பாட்டுக்குப் பின்னால் எந்தப் பாட்டு என்பதில்தான் அவர் உயிரே இருந்தது. அழுகைப் பாட்டு முடிந்த கையோடு குத்துப்பாட்டு வைப்பவன், இழவு வீட்டில் பந்திக்கு முந்துகிறவன் என்பார். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே இரண்டு நொடி மௌனம் விடுவார். கேட்பவர் பெருமூச்சு விட அது போதும் என்பது அவர் கணக்கு.

கல்யாணம், காதுகுத்து, புதுவீடு, எதுவானாலும் மொய்க் கவரோடு அவருடைய சிடியும் போய்விடும். வேண்டாம் என்று சொல்கிற வழக்கம் கொங்கு நாட்டில் கிடையாது. இரண்டு கையாலும் வாங்கி, மறுவாரம் பார்க்கும்போது, "கேட்டேனுங்க, அருமைங்க" என்று சொல்லிவிட வேண்டும், அதுதான் மரியாதை. சிடி போடும் பெட்டி ஒரு வீட்டிலும் இல்லை, எல்லாம் போனுக்குள் போய்விட்டது என்பதைச் சொல்வது மரியாதை ஆகாது. ஆகவே சிடிகள் நூலில் கோத்துக் காடுகளில் தொங்கின. பளபளப்புக்கு மயில் பயப்படும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கோவிந்தராஜுலுவோடு அதே கம்பெனியில் வேலை பார்த்த சிநேகிதர் என்பதால் லட்சுமணசாமிக்குத்தான் சிடி அதிகம் சேர்ந்தது. தக்காளிக்காட்டில் வரப்புக்கு வரப்பு கட்டியிருந்தார்.

தைப்பொங்கல் கழிந்து ஒரு காலையில் வெயில் சிடிகளின் மேல் விழுந்தது, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அவற்றைச் சுற்றியது, பாட்டு வந்துவிட்டது. மேகம் மறைத்தால் நின்றது, விலகினால் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. ஆனியில் காற்று வேகமெடுத்தபோது கனத்த குரல் பாகவதர்களெல்லாம் பால்வாடிப் பிள்ளைகளைப் போலப் பாடினார்கள். மயில்கள் பயந்து ஓடவில்லை. போளுவாம்பட்டியிலிருந்துகூட வந்து வரிசையாக நின்று கேட்டன. பாட்டு ஓடும்போது ஒரு மயிலும் பழத்தைத் தொடாது. கோவிந்தராஜுலு விட்ட அந்த இரண்டு நொடியில் மட்டும் குனிந்து ஒரு கொத்துக் கொத்திவிட்டு நிமிர்ந்துகொள்ளும்.

ஊரே கேட்டது, ஒருவரும் வாய் திறக்கவில்லை. பாடியது என்று சொன்னால் கட்டியதைச் சொல்ல வேண்டும். கட்டியதைச் சொன்னால் வீட்டில் போட்டுக் கேட்கவே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அடித்துச் சாதித்தவர் லட்சுமணசாமிதான். சிடியாவது பாடுவதாவது, கோயில் ரேடியோ சத்தம் காற்றில் வருகிறது என்றார். "கோயல்ல ரேடியோ ரிப்பேராகி வருசம் ஒண்ணாச்சுங்க" என்றாள் அவர் மனைவி பொன்னாத்தாள். கோவிந்தராஜுலு வருகிறார் என்று போன் வந்தால் போதும், தம்பதி ஓடிப்போய் சிடிகளை அவிழ்த்து அண்டாவுக்குள் ஒளித்துவிடுவார்கள். இப்படியாகக் கோவை மாவட்டத்தில் அந்தக் கச்சேரியைக் கேட்காத ஒரே மனிதர் கோவிந்தராஜுலுவே.

ஆடி பிறந்ததும் பேரூரில் ஒரு சீமந்தப் பந்தியில், பக்கத்து இலையிலிருந்த லட்சுமணசாமியிடம் அவர் சாதாரணமாகத்தான் கேட்டார், போன பொங்கலுக்குக் கொடுத்த சிடியில் அந்த அழுகைப் பாட்டுக்கு அடுத்து வைத்தது சரியாக இருந்ததா என்று. லட்சுமணசாமிக்கு விடை தெரியும், தினம் கேட்கிறாரே. தெரிந்தது எப்படி என்று அடுத்த கேள்வி வந்துவிட்டால்? "எல்லாமே அருமைங்க" என்றார். கோவிந்தராஜுலு பாயசத்தை வைத்துவிட்டு எழுந்து கை கழுவப் போனார். அத்தனை வருஷத்து அருமைகளும் எப்படிப்பட்டவை என்று அவருக்கு அந்த இலையிலேயே விளங்கிவிட்டது.

மறுநாளே உக்கடத்துப் பழைய சாமான் வியாபாரி அப்துல் கையூமுக்குச் சொல்லியனுப்பினார். கேசட், இசைத்தட்டு, கம்ப்யூட்டர், எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். செய்தி தொண்டாமுத்தூரை எட்டியதும் பொன்னாத்தாள் புருஷனிடம், "உங்க மரியாதையைக் கட்டிட்டு அழுங்க. அந்த மனுசன் உசுரு வண்டியேறுது" என்றாள்.

லட்சுமணசாமி கணபதியில் பஸ் இறங்கி சிநேகிதர் வீட்டுக்கு நடந்து சேர்ந்தபோது பாதிப் பெட்டிகள் வண்டியில் ஏறியிருந்தன. கையில் ஒரு கூடை தக்காளி. ஒவ்வொரு பழத்திலும் ஒரே ஒரு கொத்து. கோவிந்தராஜுலு கூடையைப் பார்த்தார், வாங்கவில்லை.

"அழுகைப் பாட்டுக்கு அடுத்து கிளாரினெட்டுங்க" என்றார் லட்சுமணசாமி.

கோவிந்தராஜுலு நிமிர்ந்தார். "எதுல போட்டுக் கேட்டீங்க?"

கையூம் தூக்கிய பெட்டியை வண்டியில் வைக்காமல் நின்றார். லட்சுமணசாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எதுலயும் போடலைங்க. மயிலைத் தொரத்தி முடுக்கலாம்னு தக்காளிக்காட்டுல கட்டிப்போட்டேனுங்க. கோயல் ரேடியோன்னு ஊரெல்லாம் பொய் சொன்னதும் நாந்தானுங்க. அது பாடுச்சுங்க. நெசமாலுமே பாடுச்சு. என்ற காதுல கேட்டேன்."