தெற்கு வரிசை மீட்டர்கள்

"தெற்கு வரிசையைக் காணோமே," என்றாள் இருசம்மாள்.

ஊர்க்கூட்டத்தில் பெண்கள் பேசும் வழக்கம் குருவித்திட்டில் கிடையாது. பாயில் உட்கார்ந்திருந்த ஆண்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பட்டியலை வாசித்து முடித்திருந்த கங்காதரன் தாளைச் சட்டென்று மடித்துக்கொண்டான். அவன்தான் ஊருக்கு எழுத்து வேலை பார்ப்பவன். இருசம்மாளுக்குக் கொழுந்தன் முறை.

பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் அந்தத் தீவுக்குத் தண்ணீரில் நட்ட கம்பங்கள் வழியாகத்தான் மின்சாரம் வருகிறது. உப்புக்காற்று தின்ற கம்பிகள். படகில் எழுந்து நின்றால் தலையில் தட்டும் அளவுக்குத் தொங்குகின்றன. அவற்றை அகற்றிவிட்டு உறை போட்ட கேபிள் இழுக்க அரசாங்கம் மானியம் தருகிறது. ஊர் தீர்மானம் போட்டு, மின் இணைப்பு உள்ள வீடுகளின் பட்டியலோடு விண்ணப்பிக்க வேண்டும். நாளை கடைசி நாள். கங்காதரன் வாசித்த பட்டியலில் நூற்றுப் பன்னிரண்டு வீடுகள் இருந்தன. தெற்கு வரிசையின் ஐம்பத்தாறு வீடுகளில் ஒன்றுகூட இல்லை.

"அண்ணி, இது பாடுப் பட்டியல். எப்பவும் இதைப் பாத்துதானே எழுதுவோம்?"

ஏரியில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை போடலாம் என்ற முறைக்குப் பாடு என்று பெயர். பாடு உள்ள, கல்யாணமான ஆண்களின் பெயர்கள் ஊர் ஏட்டில் வரிசையாக இருக்கும். ஒருவன் செத்தால் பெயரை அடித்துவிடுவார்கள். கோயில் வரியோ, புயல் நிவாரணமோ, எதற்குப் பட்டியல் கேட்டாலும் அந்த ஏட்டைப் பார்த்து எழுதியே ஊர் பழகிவிட்டது. தெற்கு வரிசையில் இருப்பவர்கள் இருசம்மாளைப் போலப் புருஷனை இழந்தவர்களும், கையாலேயே துழாவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களும். அவர்களுக்குப் பாடு இல்லை. அதனால் எந்தப் பட்டியலிலும் பெயரும் இல்லை.

"கரண்டுக்கு இன்னாடா பாடு? என் வூட்டுச் செவுத்துல ஓடுறது மீட்டரா, மடவை மீனா?"

யாரோ சிரித்தார்கள். ஊர்த்தலைவர் தேசப்பன் சிரிக்கவில்லை.

"இருசம்மா, மொதல்ல ஊருக்கு வரட்டும். அப்பால உங்க பக்கம் இழுத்துக்கலாம்."

"நாங்க ஊர் இல்லியா மாமா?"

"கூட்டம் முடிஞ்சிது," என்று தேசப்பன் எழுந்து வேட்டியை உதறினார்.

இருசம்மாளுக்குக் காது மடல் வரை சுட்டது. போன நவம்பரில் தெற்கு வரிசைக்கு எதிரே, இடுப்பளவு தண்ணீரில், இறால் போடும் பறிக்கூடையைப் பல்லில் கடித்தபடி இறால் துழாவிக்கொண்டிருந்த முனியன் மேல் கம்பி அறுந்து விழுந்தது. கரையில் நின்ற முனியம்மாளின் கண் முன்னால். கிட்டே போகக்கூட முடியவில்லை. கரண்டை நிறுத்தும்வரை அவன் அங்கேயே மிதந்தான். அறுந்த கம்பியை முடிச்சுப் போட்டு மறுபடியும் அதே இடத்தில் கட்டினார்கள். முனியம்மாளும் மற்றவர்களும் இன்றைக்கும் அதன் கீழேதான் தண்ணீரில் இறங்குகிறார்கள்.

இருசம்மாள் வீடு வீடாகப் போய் மின்கட்டண அட்டைகளை வாங்கினாள். ஐம்பத்தாறையும் நைலான் பையில் போட்டுக்கொண்டு, மீன் ஏற்றிப் போன படகிலேயே பழவேற்காட்டுக்குப் போனாள்.

மின் அலுவலகத்தில் இருந்த இளநிலைப் பொறியாளர் இளங்கோவன் அட்டைகளைப் புரட்டிப் பார்த்தார்.

"எங்க வரிசைக்கு மட்டும் தனியா எழுதிக் குடுக்கலாமா சார்?"

"முடியாதும்மா. ஒரு விண்ணப்பத்துக்குக் குறைஞ்சது நூத்தம்பது இணைப்பு வேணும்."

"அப்போ ஊர்க்காரங்களுது? நூத்திப் பன்னெண்டுதான் எழுதிக்கீறாங்க."

"மறுபடியுமா?" அவர் தலையில் கை வைத்தார். "போன வருஷமும் அதே நூத்திப் பன்னெண்டைத்தான் எழுதிக் குடுத்தாங்க. விட்டுப்போன வீடுகளைச் சேத்து ஒரு மாசத்துல குடுங்கன்னு மார்ச்லயே கடிதம் போட்டோம். யாரும் வரலை."

இருசம்மாள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"குடுத்திருந்தா எப்ப கேபிள் வந்திருக்கும் சார்?"

"உங்களோட சேந்து எழுதின இன்னொரு தீவுக்குச் செப்டம்பர்ல வேலை முடிஞ்சுது."

செப்டம்பர். முனியன் செத்தது நவம்பர்.

படகுத்துறைக்குத் திரும்பும் வழியில், முந்நூறு வருடத்துக்கு முன் செத்த டச்சுக்காரர்களின் கல்லறை வாசலுக்கு எதிரே பட்டப்பகலில் ஒரு தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. அண்ணாந்து பார்த்துக் காறித் துப்பினாள்.

தீவில் இறங்கியதும் நேரே கங்காதரன் வீட்டுக்குப் போனாள்.

"மார்ச் மாசக் கடுதாசி எங்கடா?"

அவன் முகம் வெளுத்தது. "அண்ணி, எல்லாரையும் எழுதிடலாம்னு நா சொன்னேன். தலைவருதான் கடுதாசியை உள்ள வைன்னாரு. இன்னிக்கு லிஸ்ட்ல பேரு எழுதினா, நாளைக்கு ஏரில பாடு கேப்பாங்கனு பயந்தாரு."

"இந்த வருசமும் அதையே எழுதினியே, அது இன்னாத்துக்கு?"

"ஆபீசர் மாறிட்டாரு, கண்டுக்க மாட்டாங்கனாரு."

"நூத்தம்பது இல்லன்னா கிழிச்சுப் போடுவாங்க. போய் அவருகிட்டச் சொல்லு. அந்தக் கடுதாசியையும் எடுத்துக்கினு வா."

வெயில் சாய்வதற்குள் தேசப்பன் தெற்கு வரிசைக்கு வந்தார். முனியன் செத்தபோதுகூட வராதவர். கங்காதரன் ஏட்டோடு பின்னால் வந்தான். பெண்கள் வலை உலர்த்தும் இடத்தில் கூடி நின்றார்கள்.

"சரிம்மா, உங்க பேரையும் சேத்துக்கலாம். கார்டுங்களைக் குடு," என்றார் தேசப்பன், ஏதோ பெரிய மனது பண்ணுகிறவர் போல.

"தரேன் மாமா. அதுக்கு முன்னால கங்காதரன் அந்தக் கடுதாசியைப் படிக்கட்டும். முனியம்மா கேக்கணும்."

"அதெல்லாம் இப்ப எதுக்கு? நடந்தது நடந்துபோச்சு."

"அப்போ நாளைக்கு நூத்திப் பன்னெண்டை எடுத்துக்கினு போங்க."

தேசப்பன் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "ஜெயம்மா, நீயாவது உன் கார்டைக் குடு. உன் மருமகனுக்கு ஏரில பாடு கிடைக்க ஒரு வழி பண்றேன்."

"கார்டு அக்கா கையில கீது தலைவரே," என்றாள் ஜெயம்மா. "என் மருமகன் கோயம்பேட்டுல மூட்டை தூக்குறான். அவன் நல்லாத்தான் கீறான்."

பிறகு தேசப்பன் கங்காதரனைப் பார்க்காமலே தலையசைத்தார். கங்காதரன் படித்தான். மின் இணைப்புகளின் எண்ணிக்கை போதாது. விடுபட்ட வீடுகளைச் சேர்த்து முப்பது நாட்களுக்குள் அனுப்பவும். தேதியைப் படிக்கும்போது அவன் குரல் இறங்கிவிட்டது.

"சத்தமா," என்றாள் இருசம்மாள்.

அவன் தேதியை மறுபடியும் படித்தான்.

முனியம்மாள் விரல்விட்டு மாதங்களை எண்ணினாள். எண்ணி முடித்துத் தேசப்பனிடம் வந்தாள்.

"எங்க வூட்ல ஒரே ஒரு லைட்டு, சாமி. அதை எழுதியிருந்தா எங்க ஆளு இருந்திருப்பாரா?"

தேசப்பன் மேல்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"இன்னா மாமா, ஊரே உங்க வாயைப் பாக்குது," என்றாள் இருசம்மாள். "எங்களுக்கு ஒரு பாடும் வாணாம். அதை நீங்களே வெச்சுக்கோங்க. இந்தக் கம்பிக்குக் கீழ இன்னொரு பொணத்தை நாங்க பாக்கக் கூடாது. கங்காதரா, உக்காந்து எழுது. தெற்கு வரிசை மொதல்ல. வேலையும் தெற்குலேந்துதான் தொடங்கணும்னு தீர்மானத்துல எழுது."

அவன் மணலில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுதினான். அட்டையை ஒவ்வொன்றாக அவள் எடுத்துக் கொடுத்தாள். ஒரு எண்ணைத் தப்பாக எழுதியபோது அடித்துத் திருத்தவைத்தாள். ஐம்பத்தாறும் முடிந்தபின் பெண்கள் கையெழுத்துப் போட்டார்கள். முனியம்மாள் கைநாட்டு வைத்தாள். தேசப்பனும் தலைவர் என்ற இடத்தில் கையெழுத்திட்டார்.

காலையில் முதல் படகுக்குத் தேசப்பன் வெள்ளை வேட்டியோடு துறைக்கு வந்தார். இருசம்மாள் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தாள். விண்ணப்பம் அவள் மடியில் இருந்தது. பக்கத்தில் முனியம்மாள்.

"குடும்மா. ஆபீசுல தலைவர் குடுத்தாதான் மரியாதை."

"எங்க கையாலயே குடுத்து, வாங்கிக்கினோம்னு சீல் போட்ட காயிதத்தோட வரோம்."

"இன்னா இருசம்மா, எங்களை நம்ப மாட்டியா?"

"போன வருசம் நம்பினோம் மாமா," என்றாள் அவள். படகோட்டியிடம், "தள்ளுப்பா," என்றாள்.