அளவீடு செய்யப்பட்ட மூக்கு

என் கையெழுத்து இல்லாமல் இந்த நாட்டில் அணு அசையாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, நடைமுறையைச் சொல்கிறேன். விஞ்ஞானிகள் அணுவைப் பிளப்பார்கள், அது அவர்கள் பாடு. அந்தச் சூட்டைச் சுமந்து ஓடும் வெந்நீரைக் குழாய்க்குள் அடக்கி வைப்பது வால்வு. வால்வு ஒழுகாமல் பார்த்துக்கொள்வது அதற்குள் கிடக்கும் கறுப்பு ரப்பர் வளையம். அந்த வளையத்தை நிலையத்தார் நம்புவதற்குக் காரணம் அதோடு போகும் சான்றிதழ். சான்றிதழின் அடியில் இருப்பவன் நான்: லிஜின், பி.எஸ்சி., தர உறுதி அலுவலர்.

குலசேகரத்திலிருந்து திருவட்டாறு போகும் ரோட்டில், ரப்பர் தோட்டத்துக்கு நடுவே தகரக் கூரை போட்டு நிற்கிறது எங்கள் கம்பெனி. பதினான்கு பேர், நான்கு அச்சு இயந்திரம், ஒரு பிரிண்டர். எந்த அணுமின் நிலையத்துக்குச் சரக்கு அனுப்புகிறோம் என்று வெளியே சொல்லக் கூடாதென்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. மாநிலம் தாண்டிப் போகும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஒப்பந்தத்தை மதிப்பவன் நான்.

வளையங்களை வெப்பம் தாங்கும் செயற்கை ரப்பரில்தான் செய்ய வேண்டும், ஒரே தடவையில் செய்த ஒவ்வொரு லாட்டிலும் சிலவற்றை அடுப்பில் எழுபது மணி நேரம் வாட்டிச் சோதிக்க வேண்டும் என்றும் அதே ஒப்பந்தத்தில் இருந்தது. எங்கள் அடுப்பு போன ஐப்பசி இடியில் கெட்டுப்போனது. தெய்வாதீனமாகப் பிரிண்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. பழைய அறிக்கையைத் திறந்து தேதியையும் லாட் எண்ணையும் மாற்றினால், எழுபது மணி நேரச் சோதனையை அது நான்கு நொடியில் முடித்துத் தந்துவிடும். புள்ளிக்கு அப்புறம் வரும் எண்களை மட்டும் லாட்டுக்கு லாட் கொஞ்சம் மாற்றிப் போடுவேன். படித்தவன் செய்யும் வேலை அப்படித்தான் இருக்கும்.

417ஆம் லாட் அவசரமாகக் கேட்டிருந்தார்கள். பராமரிப்புக்காக நிலையத்தை நிறுத்தியிருந்தார்கள். பழைய வளையங்களைக் கழற்றிப் புதியவற்றைப் போட வேண்டும். செயற்கை ரப்பர் வர வேண்டிய கன்டெய்னர் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டது என்று முதலாளி கோலப்பன் புதன்கிழமை சொன்னார். வெள்ளிக்கிழமை நான் வேலைக்கு வந்தபோது இருநூற்று நாற்பது வளையங்கள் மேசையில் பளபளத்துக்கொண்டிருந்தன. கன்டெய்னர் வந்துவிட்டதா என்று நான் கேட்கவில்லை. அலுவலர்கள் கேட்பதில்லை.

கேட்டது பேக்கிங் மேசையிலிருக்கும் பூங்கனி அக்கா. இங்கே வருவதற்கு முன் பதினெட்டு வருடம் எஸ்டேட் புகைப்புரையில் ரப்பர் ஷீட் உலர்த்தியவர். ஒரு வளையத்தை உள்ளங்கையில் வைத்து, புகையிலை கசக்குவதுபோல வரக்கு வரக்கென்று தேய்த்தார். சூடேறியதும் மூக்கில் வைத்தார்.

“கன்டெய்னரு வந்துதா மக்கா? இது மரத்துப் பாலுல்லா.”

“என்னது?”

“நம்ம மரத்து ரப்பரு. புகைப்புரை மணம் அடிக்கு. இதைக் கொதிவெள்ளத்துல போட்டா இளகிரும், பெறவு வெடிச்சுப் போவும். வேணும்னா மோந்து பாரு.”

“அக்கா, அங்க இருக்கது சயின்டிஸ்டு. அவங்க பேப்பரைத்தான் பாப்பாங்க. மோந்து பாத்து வாங்கதுக்கு இது என்ன சாளை மீனா?”

“மீனுன்னா ஒரு வீட்டுக்குத்தான் வயிறு கெடும்,” என்றார்.

அன்று மத்தியானம் நான் ஒரு தமாஷ் செய்தேன். தராசு, அளவுமானி எல்லாவற்றிலும் ‘அளவீடு செய்யப்பட்டது’ என்று ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை. அதே ஸ்டிக்கரில் ஒன்று அடித்தேன். கருவி: மூக்கு. எண்: பூ-1. பிழை வரம்பு: ஜலதோஷத்துக்கு உட்பட்டது. அடுத்த அளவீடு: தும்மிய பின். கம்பெனியே சிரித்தது. பூங்கனி அக்கா அதை வாங்கி, நிதானமாகத் தன் சோற்றுப் பாத்திரத்தின் மூடியில் ஒட்டிக்கொண்டார். சிரிக்கவில்லை. பெட்டிகள் என் கையெழுத்திட்ட சான்றிதழோடு சனிக்கிழமை லாரி ஏறின.

பத்து நாள் கழித்து, காலை பதினொரு மணிக்கு, தெரியாத லேண்ட்லைன் எண்ணிலிருந்து போன் வந்தது. என் அண்ணன் பெனின். மீன்பிடி ஊரான இனயத்தில் எங்கள் குடும்பத்திலேயே கடலுக்குப் போகாத முதல் ஆள் அவன். சவுதியில் ஏழு வருடம் ஃபிட்டராக இருந்துவிட்டு, இப்போது கான்ட்ராக்டில் ஊர் ஊராகப் பராமரிப்பு வேலைக்குப் போகிறான். எங்கே வேலை என்று இந்தத் தடவை வீட்டில் சொல்லவில்லை.

“லேய், உள்ள செல்போன் விடமாட்டானுவ, ஒர்க்‌ஷாப் போன்ல இருந்து விளிக்கேன். இஞ்ச ஒரு பெட்டியைத் திறந்தேன், பாத்தா உள்ள உனக்க ஒப்பு. 417ன்னு போட்டிருக்கு. எல்லாருட்டயும் காட்டியாச்சு, எனக்க தம்பிக்க கையெழுத்துன்னு.”

“நீ அங்கயா நிக்க?”

“நாலு நாளாச்சு. ஸ்டோர்ல ஒரு சாரு, ரெண்டு வளையத்தை வெளிய லேபுக்கு அனுப்பிட்டுத்தான் மிச்சத்தைத் தருவேன்னு பிடிச்சு வச்சிருந்தாரு. நான் சொன்னேன், சாரே, இது எனக்க தம்பி, எங்க வீட்டுப் பய பொய் ஒப்பு போடமாட்டான்னு. அவருக்கும் மேல இருந்து ஒரே அவசரம். விட்டுட்டாரு.”

“அண்ணே, இது எந்த லைனுக்கு?”

“வெந்நி ஓடுத லைனு. இன்னைக்கு மூணு மணிக்குச் சூடு ஏத்தி ஒழுக்கு பாப்பாங்க. வால்வுக்குப் பக்கத்துல நிக்கது நாந்தான். பயம் ஒண்ணும் இல்ல, நம்ம சாதனம்லா.”

போனை வைத்துவிட்டு முதலாளியின் அறைக்குப் போனேன். கோலப்பன் ஏத்தங்காய் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தார்.

“முதலாளி, 417 என்ன ரப்பரு?”

“சர்டிபிகேட்ல என்ன போட்டிருக்கு?”

“செயற்கைன்னு.”

“பின்ன என்ன?”

“கன்டெய்னர் வந்துதா?”

“லிஜினே, சர்டிபிகேட்ல ஒப்பு ஆருக்கது?”

“எனக்கது.”

“அப்ப நீ வந்து என்னட்ட கேக்கிய.”

சிப்ஸ் பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தினார். ஒன்று எடுத்துக்கொண்டேன். எடுக்காமல் இருந்திருக்கலாம்.

ஒவ்வொரு லாட்டிலும் இரண்டு வளையங்களை மாதிரிக்கென்று அலமாரியில் ஐந்து வருடம் வைத்திருப்போம். போய்த் திறந்து பார்த்தேன். 416 இருந்தது. 418 இருந்தது. நடுவில் காலி. மற்ற தட்டுகளில் விரல் கனத்துக்குத் தூசி. அந்த இடத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்திருந்தார்கள்.

மூன்று மணி நேரம் என் மேசையில் உட்கார்ந்திருந்தேன். அண்ணனிடம் சொல்வதென்றால் எழுபது மணி நேரத்தையும் நான்கு நொடியையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இரண்டேகாலுக்கு அந்த எண்ணை அழைத்தேன். யாரோ இந்தியில் கத்தி அவனைக் கூப்பிட்டார்கள்.

“எத்தனை மூடியாச்சு அண்ணே?”

“எல்லாம் மூடியாச்சு. ஒரேயொரு வால்வு பாக்கி, அதுக்க வளையம் கையில இருக்கு. என்ன மக்கா, கொரலு ஒருமாதிரி இருக்கு?”

“அதை மூடாண்டாம். லைன்லயே நில்லு.”

அச்சிலிருந்து எடுத்த வளையத்தின் ஓரத்தில் பிசிறு நிற்கும். அதை நறுக்கிச் சாக்கில் போட்டு, லாட் எண்ணை எழுதிப் பேக்கிங் மேசைக்கு அடியில் தள்ளியிருப்பார்கள். 417ஆம் சாக்கு அங்கேயே கிடந்தது. குப்பையைத் துடைத்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

போனை மேசைமேல் வைத்துவிட்டுக் குத்தவைத்து உட்கார்ந்தேன். நூல்போல ஒரு பிசிறை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தேன். எனக்குப் பழக்கமில்லை, இரண்டு தடவை நழுவி விழுந்தது. பூங்கனி அக்கா வேறொரு பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார்.  எழுந்துபோய், தலைக்கு மேல் சுற்றிய மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

காற்று நின்றது. கையை மூக்கருகே கொண்டுபோனேன். இந்த ஊருக்குள் பஸ் நுழைந்ததும் ஜன்னல் வழியாக வருமே, அந்தப் புகைப்புரை மணம்தான்.

போனை எடுத்தேன். “அண்ணே, எல்லா வால்வையும் திறக்கணும்னு சொல்லு. சூடு ஏத்தாண்டாம்னு சொல்லு. நீ அங்க நிக்காண்டாம்.”

அந்தப் பக்கம் ஸ்பேனரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவன் குரல் தாழ்ந்து வந்தது.

“சும்மா நிறுத்த முடியாது மக்கா. ஃபாரத்துல காரணம் எழுதணும். நீ என்ன டெஸ்ட்டு செஞ்ச, அதைச் சொல்லு. நான் எழுதுதேன்.”

அலமாரியில் 417இன் இடம் காலி. அடுப்பு கெட்டுக் கிடக்கிறது. பிரிண்டர் மட்டும் பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டு தயாராக இருந்தது.

“லேய், கேக்குதா? மணி ரெண்டரை ஆவுது. பேனாவைப் பிடிச்சுட்டு நிக்கேன். என்ன டெஸ்ட்டு?”

சாக்கிலிருந்து இன்னொரு பிசிறை எடுத்தேன். தோல் எரியுமட்டும் தேய்த்து, கண்ணை மூடி, மறுபடியும் முகர்ந்தேன். “எழுதிக்கோ அண்ணே,” என்றேன், “கருவி: மூக்கு.”