தொண்ணூற்றேழில் நிற்கும் கதை

1.

இது திருட்டுக் கதை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கும்மிடிப்பூண்டி லோக்கலில், மீஞ்சூரில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஓர் இரும்பு உருக்காலையின் சீருடையில் இருந்தார். "பாருங்க சார்" என்று போனை நீட்டினார். குழந்தையின் படமாக்கும் என்று முகத்தை மலர்த்தி வைத்துக்கொண்டேன். படத்தில் 5.4 என்று ஓர் எண் இருந்தது.

"நானே ஊட்ல கட்டுன கம்ப்யூட்டர் சார். ஸ்பீடு அது, கிகாஹெர்ட்ஸ்ல. எட்டு மணி நேரம் ஓட்டுனேன், அசையல."

பொன்னேரி தாண்டியும் விளக்கிக்கொண்டிருந்தார். பிறகு இறங்கிப் போய்விட்டார். எண் மட்டும் என்னிடம் தங்கியது. மீதியெல்லாம் என் கைச்சரக்கு. தானியேல் என்று பெயர் வைத்தேன். பெயர் வைத்ததும் 'அவர்' 'அவன்' ஆகிவிட்டார். எழுதுகிறவனுக்கு இந்தச் சலுகைகூட இல்லாவிட்டால் எப்படி?

2.

முதல் வரிக்கான முயற்சிகள்:

"உலையின் செந்நாக்கு வானத்தை நக்கியபோது தானியேலின் ஆன்மா" (வேண்டாம். பரிசு கொடுத்துவிடுவார்கள்.)

"சிலிக்கானின் மௌனத்தில் மனித இருப்பு என்பது" (இதற்கு மேல் எனக்கே புரியவில்லை.)

நேராகவே சொல்கிறேன். கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸரை, செய்தவன் வைத்த வேகத்துக்கு மேல் முடுக்குவதற்கு ஓவர்கிளாக் என்று பெயர். முடுக்கினால் சூடாகும். சூடு நூறு டிகிரியை நெருங்கினால் திரை நீலமாகி எல்லாம் நின்றுபோகும். நிற்காமல் ஓடினால் 'ஸ்டேபிள்' என்று மார்தட்டிக்கொள்ளலாம். தானியேல் கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, டேபிள் ஃபேனை அதன் வயிற்றுக்கு நேரே வைத்துத்தான் அந்த எட்டு மணி நேரத்தை ஓட்டினான். இதே பைத்தியம் பிடித்தவர்களின் வாட்ஸப் குழுவில் போட்ட படத்தில் ஃபேன் இல்லை.

"5.4 நிக்காது மச்சி" என்று குழுவில் ஜோஷ்வா கிண்டலடித்தான். தானியேலின் பதில்: "ஆயிரத்து அறுநூறு டிகிரில இரும்பு ஊத்துறவன்டா நானு. உன் தொண்ணூறு டிகிரி எனக்கு மோரு மாதிரி."

உலைக்கு முன் நிற்பவனுக்கு மட்டுமே வரக்கூடிய திமிர் இது.

3.

அவன் மனைவி பிரின்சி. நாளெல்லாம் நின்றுகொண்டே பெட்டி கட்டும் காண்ட்ராக்ட் வேலை. கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு நிற்கிறது. இப்போது உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்றுக்கு ஆன்லைன் தேர்வு வந்திருக்கிறது. கேமரா முன் ஒன்றரை மணி நேரம். நடுவில் கம்ப்யூட்டர் நின்றால் மறுவாய்ப்பு இல்லை. அறையில் இன்னொருவர் முகமோ குரலோ வந்தாலும் ரத்து.

"யோவ், உன் அஞ்சு புள்ளி நாலெல்லாம் வேணாம்யா. நாளைக்கு ஒரு நாள் பழையபடி மெதுவா வெச்சுடு. எனக்கு பயமா கீது."

"மாத்திட்டேன் பிரின்சி."

மாற்றவில்லை. ஜோஷ்வா என்ன சொல்வான்?

(இங்கே எனக்கே பாத்திரத்தின்மேல் சந்தேகம். ஓர் எண்ணுக்காக ஒருவன் கட்டிய மனைவியிடம் பொய் சொல்வானா? என் மனைவியைக் கேட்டேன். அவள் சிரித்து முடிக்க நேரம் பிடித்தது.)

4.

தேர்வின் நாற்பதாவது நிமிடம். மூடிய கதவுக்கு வெளியே நின்று தானியேல் கம்ப்யூட்டரின் சூட்டைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தான். எழுபத்தெட்டு. "உனக்கு வேர்க்கும்ல" என்று ஃபேனை அவன்தான் போட்டுவிட்டு வந்திருந்தான். அதன் முகம் பிரின்சியைப் பார்க்கவில்லை.

உள்ளே கம்ப்யூட்டரிலிருந்து தேர்வுக் கண்காணிப்பாளரின் குரல் கேட்டது: "மேடம், பின்னாடி என்ன சத்தம்? ஃபேனை ஆஃப் பண்ணுங்க."

டக்.

எண்பத்தாறு. தொண்ணூற்றொன்று. உள்ளே போனால் ரத்து, கத்தினாலும் ரத்து. ஆயிரத்து அறுநூறு டிகிரிக்காரனின் உள்ளங்கை வேர்த்துப் போன் வழுக்கியது. இவனுக்காக இரக்கப்படக்கூடாது என்றிருந்தேன், பட்டுவிட்டேன்.

தொண்ணூற்றேழு.

5.

முடிவு அ: கம்ப்யூட்டர் தாக்குப்பிடிக்கிறது. பிரின்சி பாஸ். தானியேல் ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று, கர்த்தர் செய்த நன்மை என்று சாட்சி சொல்கிறான். ஃபேனைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

முடிவு ஆ: திரை நீலமாகிறது. "கரண்டு சரியில்ல" என்கிறான், அனல் மின் நிலையத்துக்குப் பக்கத்து ஊரான மீஞ்சூரில் நின்றுகொண்டு.

முடிவு இ: கதவை உடைத்துக்கொண்டு (சினிமா. விட்டுவிட்டேன்.)

அப்போது தானியேலே என்னிடம் வந்தான். "சார், மூணாவதுல 'மாத்திட்டேன்'னு ஒரு வரி கீதே, அத்த மட்டும் அடிச்சுடு சார். அப்புறம் நீ எப்டி முடிச்சாலும் ஓகே."

பாவமாக இருந்தது. பேனாவை எடுத்தேன். தேர்வு நடக்கும்போது பிரின்சி திரும்பக்கூடாது, திரும்பாமலே சொன்னாள்: "பாஸோ பெயிலோ நான் பாத்துக்கறேன் சார். அந்த வரில மட்டும் கை வெக்காதீங்க."

வைக்கவில்லை. மேலே அப்படியே இருக்கிறது, பாருங்கள்.

6.

வாசகரே, தொண்ணூற்றேழில் உங்களிடம் விட்டுப்போகிறேன். அ போடுங்கள், ஆ போடுங்கள், உங்கள் இஷ்டம். எதைப் போட்டாலும் கதவு திறக்கும், பிரின்சி வெளியே வருவாள். வாசலில் நிற்பவனுக்குப் போனை மறைக்க நேரமிருக்காது. அதில் சூட்டுக்குக் கீழே 5.4 என்று இருக்கும். அவள் அதைப் படிப்பாள்.

அடுத்து அவன் என்ன சொல்வான் என்று மூன்று நாளாக எழுதிப் பார்க்கிறேன். இவ்வளவுதான் வருகிறது:

"பிரின்சி, நானு